வெளித் தையல் ஆறிருச்சு, உள் தையல் ஆறிருச்சா?



குழுக் கூட்டத்தில் பிரசவப் பேச்சு வந்தால், "எனக்கு ரெண்டுமே ஆபரேஷன்தான்" என்று சொல்கிறவர்கள் இன்று எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். நம் அம்மாக்கள் காலத்தில் இது ஊருக்கு ஒருவர், இருவர்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 34 சிசேரியன். 2019-21 கணக்கெடுப்பில் அது 45 ஆகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 36, தனியார் ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 64.

சிசேரியன் தேவைப்படும்போது அது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிற ஆபரேஷன். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கு வந்தவுடன் "எல்லாம் ஆறிருச்சு" என்று நாம் மறந்துவிடுகிறோம். வயிற்றின் மேல் தெரிகிற தழும்பு ஒன்று. கர்ப்பப்பையில் இருக்கிற தழும்பு இன்னொன்று. அது கண்ணுக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்தும் அது நம் உடம்பில் இருக்கும். அந்த உள் தழும்பு சரியாக ஆறாவிட்டால் என்ன ஆகும், எப்படித் தெரிந்துகொள்வது, என்ன செய்வது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

எங்கே வெட்டுகிறார்கள்?

சிசேரியனில் முதலில் தோல், அடுத்துக் கொழுப்பு, சதையின் மேலுள்ள கெட்டியான உறை, கடைசியாகக் கர்ப்பப்பையின் சுவர் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பிள்ளையை எடுக்கிறார்கள். பிறகு உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்தக் காலத்தில் பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அந்த இடம் மெல்லியது. ரத்தச் சேதம் குறைவு, நன்றாக ஆறும். குறைமாதம், பிள்ளை குறுக்கே கிடப்பது, நஞ்சு கீழே இருப்பது போன்ற சில நேரங்களில் மட்டும் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்ட வேண்டி வரும். நெடுக்கு வெட்டுத் தழும்பு பலம் குறைந்தது. அடுத்த பிரசவத்தில் பிரிந்துபோகும் ஆபத்து அதில் பல மடங்கு அதிகம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வயிற்றுத் தோலில் குறுக்குத் தழும்பு இருந்தால் கர்ப்பப்பையிலும் குறுக்கு வெட்டுதான் என்று அர்த்தம் இல்லை. தோலைப் பார்த்து உள்ளே உள்ளதைச் சொல்லவே முடியாது. ஆபரேஷன் செய்தவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் அது இருக்கும். அந்தச் சீட்டைப் பற்றிக் கடைசியில் விவரமாகப் பேசுவோம்.

பழைய காலத்தில் கர்ப்பப்பைக்குப் பெரும்பாலும் தையலே போட மாட்டார்கள். அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். ஏராளமான தாய்மார்கள் ரத்தப்போக்கிலும் சீழிலும் இறந்தார்கள். 1882-ல் மாக்ஸ் சாங்கர் என்ற ஜெர்மன் டாக்டர், கர்ப்பப்பையைத் தைத்தே ஆகவேண்டும் என்று காட்டினார். அதன் பிறகுதான் சிசேரியன் ஆன தாய் பிழைப்பது வழக்கமானது. உள் தையலுக்கு அவ்வளவு முக்கியத்துவம் இருக்கிறது.

கண்மாய்க் கரையை நினைத்துப் பாருங்கள்

கண்மாய்க் கரை உடைந்தால் மண் போட்டு அடைக்கிறோம். இரண்டு மழைக்குப் புல் முளைத்து, பார்க்க ஒரே கரை மாதிரி ஆகிவிடும். ஆனால் 18-ம் கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் நிரம்பி நிற்கும்போது, முதலில் நாம் போய்ப் பார்ப்பது பழைய உடைப்பைத்தான். உள் தழும்பும் அப்படித்தான். வெளித் தையல் பத்து நாளில் ஆறிவிடும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். தழும்பு இறுகிப் பலம் பெற இன்னும் பல மாதங்கள் ஆகும்.

சிலருக்குத் தைத்த இடத்தில் சதை முழுசாகக் கூடாமல், கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் விழுந்துவிடும். ஸ்கேன் சீட்டில் டாக்டர்கள் இதை "நிஷ்" அல்லது "இஸ்த்மோசீல்" என்று எழுதுவார்கள். "தழும்புக் குழி" என்று நாம் வைத்துக்கொள்ளலாம். 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் இருந்தால் அதைக் குழி என்று கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் 2019-ல் முடிவு செய்தார்கள்.

பயப்பட வேண்டாம். சிசேரியன் ஆனவர்களை உள் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், ஆய்வுக்கு ஆய்வு 100-க்கு 24 முதல் 70 பேர் வரை இந்தக் குழி இருந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. தொந்தரவு இல்லாவிட்டால் சிகிச்சையும் தேவையில்லை.

ஏன் சிலருக்கு மட்டும் சரியாக ஆறுவதில்லை?

- ஒன்றுக்கு மேல் சிசேரியன் ஆனவர்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டித் தைப்பதால் அந்த இடம் மெலிகிறது.
- நெடுநேரம் வலி எடுத்து, கர்ப்பப்பை வாய் நன்றாகத் திறந்த பிறகு ஆபரேஷன் ஆனவர்கள். அப்போது வெட்டு வாய்ப்பகுதிக்கு மிக அருகில் விழுந்துவிடும். அந்த இடம் சரியாகக் கூடுவது கடினம்.
- பிரசவத்துக்குப் பின் உள்ளே கிருமி தாக்கிக் காய்ச்சல் வந்தவர்கள்.
- சர்க்கரை நோய், ரத்தசோகை, அதிக உடல் எடை உள்ளவர்கள்.
- கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பவர்கள்.

தையல் போடும் முறையும் ஒரு காரணம்தான். ஆனால் குழி இருக்கிறது என்றாலே "டாக்டர் சரியாத் தைக்கலை" என்று முடிவு கட்டிவிட முடியாது. நன்றாகத் தைத்தவர்களுக்கும் வருகிறது.

முதல் ஆறு வாரம்: இவை வந்தால் தாமதிக்காதீர்கள்

- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
- துர்நாற்றம் வீசும் தீட்டு
- தையல் இடத்தில் சீழ், சிவப்பு, வீக்கம், அல்லது தையல் விட்டுப்போவது
- ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுசாக நனையும் அளவு ரத்தப்போக்கு
- குறைந்துகொண்டு வந்த தீட்டு, திடீரென்று மறுபடியும் கட்டி கட்டியாகப் போவது
- நாளாக ஆகக் குறையாமல் கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலி
- ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது

இதில் எது வந்தாலும் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப்போக்கு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை

"பருப்பு தின்னா சீழ் கோத்துக்கும், முட்டை குடுத்தா புண் ஆறாது, தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று சொல்லி, ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு ரசம் சோறு மட்டும் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும். புண் கூடச் சதை வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். அது பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி, பாலில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு இவற்றை எல்லாம் கொடுக்கலாம். தண்ணீரும் தாகத்துக்குக் குடிக்கலாம். கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, நர்சம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ரத்தசோகைக்கு நல்லது. நர்சம்மா நிறுத்தச் சொல்லும் வரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் கனமானதைத் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, உர மூட்டை எல்லாம் இதில் அடக்கம். வயிற்றுச் சுவர் இறுகுவதற்கு முன் பாரம் தூக்கினால் தழும்பு வழியாகக் குடலிறக்கம் வரலாம். மெதுவாக நடப்பது நல்லது. படுத்தே கிடக்கவும் கூடாது.

வருடம் கழித்து வரும் தொந்தரவுகள்

தழும்புக் குழியின் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. தீட்டு நாலைந்து நாளில் நின்றுவிடும். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வாரம், பத்து நாள் என்று பழுப்பு நிறத்தில், காபி டிகாஷன் மாதிரி சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும். தீட்டு ரத்தம் கொஞ்சம் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பிறகு மெதுவாகக் கசிவதுதான் இதற்குக் காரணம். குழி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இதோடு சிலருக்கு அடிவயிற்று வலி, கணவனோடு சேரும்போது வலி, அடுத்த பிள்ளை தங்குவதில் தாமதம் ஆகியவையும் வரலாம். இன்னும் சிலருக்கு வயிற்றுத் தழும்பிலேயே ஒரு சின்னக் கட்டி வந்து, தீட்டு நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும். கர்ப்பப்பையின் உள்தோல் ஆபரேஷன் சமயத்தில் தழும்பில் ஒட்டி வளர்வதால் அது வருகிறது. இதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் குழிக்கும் சொட்டுத் தீட்டுக்கும் உள்ள தொடர்பு 1990-களுக்குப் பிறகுதான் டாக்டர்களுக்கே தெளிவாகத் தெரிய வந்தது. அதனால்தான் பல பெண்கள் "உடம்புச் சூடு", "கருத்தடை ஆபரேஷன் பண்ணினதால" என்று நினைத்து வருடக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டே இருந்துவிட்டார்கள். கோயிலுக்குப் போக முடியாமல், விசேஷத்துக்குப் போக முடியாமல், கணவனிடம் சொல்லவும் முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! இது சூடு இல்லை. இதற்குக் காரணமும் உண்டு, வைத்தியமும் உண்டு.

அதே சமயம், எல்லாச் சொட்டு ரத்தமும் தழும்பால்தான் என்று நாமே முடிவு செய்யவும் கூடாது. தைராய்டு, கர்ப்பப்பைக் கட்டி, காப்பர்-டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றாலும் இடையில் ரத்தம் படும். கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் முற்றிலும் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டாலோ உடனே பரிசோதிக்க வேண்டும். 30 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

என்ன பரிசோதனை? என்ன வைத்தியம்?

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்தக் குழி பல நேரம் தெரியாது. பெண்ணுறுப்பு வழியாகச் செய்கிற உள் ஸ்கேனில் தெரியும். தீட்டு முடிந்த சில நாட்களில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கூச்சப்பட வேண்டியதில்லை. பெண் டாக்டரைக் கேட்கலாம். டாக்டரிடம் போகும்போது, "தீட்டு எத்தனை நாள், அதற்குப் பிறகு சொட்டு எத்தனை நாள்" என்று மூன்று மாதம் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

வைத்தியம் படிப்படியானது.

1. தொந்தரவு இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.
2. சொட்டுத் தீட்டு மட்டும் என்றால், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை போன்றவை முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள்.
3. அதில் சரியாகாவிட்டால், கர்ப்பப்பை வாய் வழியாகச் சின்னக் குழாய்க் கருவியை விட்டுக் குழியின் ஓரத்தைச் சீர்செய்யலாம். வயிற்றில் வெட்டு கிடையாது. ஆனால் குழிக்கு மேல் மிஞ்சியிருக்கும் சுவர் சுமார் 3 மில்லிமீட்டராவது இருந்தால்தான் இதைச் செய்வார்கள்.
4. சுவர் அதைவிட மெல்லியதாக இருந்து, இன்னும் பிள்ளை வேண்டும் என்றால், லேப்ராஸ்கோப்பி முறையில் பழைய தழும்பை எடுத்துவிட்டுப் புதிதாகத் தைப்பார்கள்.
5. கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. பிள்ளைப்பேறு முடிந்து, மற்ற வைத்தியம் எதிலும் குணமாகாதவர்களுக்குத்தான் அது.

"கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்று சொன்னால்

சகோதரிகளே, இந்தக் கட்டுரை எழுதப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். "புள்ளைதான் பெத்தாச்சே, அந்தப் பை எதுக்கு? எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சொட்டுத் தீட்டுக்கும், வெள்ளைப்படுதலுக்கும், வயிற்று வலிக்கும் ஒரே மருந்தாக இதைச் சொல்கிறவர்கள் உண்டு.

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பெண்கள் வருடத்தில் பல மாதம் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் கட்ட வேண்டும். தீட்டு நாளிலும் ஓய்வு கிடையாது. அதனால் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. 2019-ல் விஷயம் வெளியே வந்து மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. விசாரித்த 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2022-ல் மத்திய அரசு வழிமுறைகள் வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பீட் நமக்குத் தூரம்தான். ஆனால் கஷ்டம் தூரம் இல்லை. தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிற நம் பெண்களுக்கு, மாதத்தில் பாதி நாள் சொட்டிக்கொண்டே இருந்தால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். வேலையும் விடமுடியாது, ஒதுங்க இடமும் இருக்காது. அந்த வேதனையில் "எடுத்துருங்க டாக்டர்" என்று நாமே கேட்டுவிடுகிறோம்.

எடுத்தால் விளைவு என்ன? சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடும். எலும்பு தேயும், உடம்பு தகதகவென்று எரியும், இதயநோய்க்கு வாய்ப்பு கூடும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் சிலருக்கு அந்த நிலை முன்னதாகவே வருகிறது. கூலி வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு எலும்பின் பலம்தான் சொத்து. புற்றுநோய், நிற்காத பெரும்போக்கு போன்ற நிலைகளில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும். அப்போது தயங்கக் கூடாது. ஆனால் சொட்டுத் தீட்டுக்கு அது முதல் வைத்தியம் இல்லை.

டாக்டர் சொன்னால் தைரியமாக மூன்று கேள்வி கேளுங்கள்:

- "எனக்கு என்ன நோய்? ஸ்கேனில் என்ன வந்திருக்கிறது?"
- "மாத்திரையோ சின்ன ஆபரேஷனோ செய்து பார்க்க முடியாதா?"
- "சினைப்பையையும் எடுப்பீர்களா, விட்டுவிடுவீர்களா?"

கேட்டுவிட்டு, இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். க.விளக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது.

அடுத்த பிள்ளை வேண்டும் என்றால்

தழும்பு பலம் பெற அவகாசம் கொடுங்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம் கழித்துத்தான் அடுத்த கர்ப்பம் தரிக்க வேண்டும். அதுவரை காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எது யாருக்குப் பொருந்தும் என்று நர்சம்மாவிடம் கேளுங்கள்.

நாள் தள்ளிப்போனவுடன் டாக்டரிடம் போங்கள். 6 அல்லது 7 வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்குக் கரு தழும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அது வளர வளர ஆபத்து.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. வேண்டாத கர்ப்பம் என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. சிசேரியன் ஆனவருக்குக் கரு தழும்பில் இருந்து, அது தெரியாமல் மாத்திரை போட்டால் நிற்காத ரத்தப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கருக்கலைப்பு சட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யப்படுகிறது. அங்கே போங்கள். கருப்பையைச் சுத்தம் செய்யும்போதும், காப்பர்-டி போடும்போதும் "எனக்குச் சிசேரியன் ஆகியிருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். நஞ்சு கீழே இறங்கித் தழும்பின் மேல் இருந்தால், அது தழும்புக்குள் வேர்விட்டு, பிரசவத்தில் பிரியாமல் போகலாம். அமெரிக்காவில் 30,000-க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்த பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 11 பேருக்கும், இரண்டு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 40 பேருக்கும் நஞ்சு வேர்விட்டிருந்தது. அப்படிப்பட்ட பிரசவம் ரத்த வங்கியும் நிபுணர்களும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

"ஒருதடவை ஆபரேஷன்னா எப்பவும் ஆபரேஷன்தானா?" என்று பலர் கேட்பார்கள். எட்வின் கிராகின் என்ற அமெரிக்க டாக்டர் 1916-ல் அப்படித்தான் சொன்னார். அப்போதெல்லாம் நெடுக்கு வெட்டுதான் வழக்கம். பின்னாளில் ஸ்காட்லாந்து டாக்டர் மன்றோ கெர் போன்றவர்கள் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பினார்கள். அதன் பிறகு நிலைமை மாறியது. ஒரு சிசேரியன் மட்டும் ஆகி, அது குறுக்கு வெட்டாக இருந்து, வேறு சிக்கல் இல்லாதவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். முயற்சி செய்கிறவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் சுகப்பிரசவம் ஆகிறது. சுமார் 200-ல் ஒருவருக்குத் தழும்பு பிரிகிறது. எண்ணிக்கை சிறிது என்றாலும் அந்த ஒருவருக்கு நிமிடக் கணக்கில் ஆபரேஷன் ஆக வேண்டும். ஆகவே முயற்சி செய்கிற இடத்தில் ஆபரேஷன் தியேட்டரும், மயக்க மருந்து டாக்டரும், ரத்தமும் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே சீமாங் மையங்கள் இருக்கின்றன. நம் பகுதியில் எங்கே என்று நர்சம்மாவிடம் ஏழாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாரத்திலிருந்து க.விளக்குக்குப் போக வேண்டும் என்றால் போடி, தேனியைத் தாண்டிப் போக வேண்டும். ஆகவே முன்பு சிசேரியன் ஆன கர்ப்பிணி "வலி வரட்டும், பார்ப்போம்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன தேதிக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கடைசி மாதங்களில் தோட்டத்தில் தங்கி வேலை செய்வதும் வேண்டாம். வலிக்கும் வலிக்கும் இடையிலும் விடாமல் தழும்பு இடம் வலித்தால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்று மயக்கம் வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தச் சீட்டு எங்கே?

குழுப் பாஸ்புக்கையும் ரேஷன் கார்டையும் பத்திரமாக வைக்கிறோம். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே என்று கேட்டால், "அது எங்கயோ கிடக்கு, எலி கடிச்சிருச்சு" என்கிறோம். அந்தச் சீட்டில்தான் என்ன வெட்டு, ஏன் ஆபரேஷன், ரத்தம் ஏற்றினார்களா, கருத்தடை செய்தார்களா என்பதெல்லாம் இருக்கும். அடுத்த பிரசவத்திலும், பத்து வருடம் கழித்து வரும் தொந்தரவிலும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

வீட்டுக்கு வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். "குறுக்கு வெட்டா, நெடுக்கு வெட்டா?" என்று எழுதச் சொல்லுங்கள். தாய்-சேய் அட்டை, ஸ்கேன் சீட்டு எல்லாவற்றோடும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, பாஸ்புக்கோடு வையுங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

- ஒரு கூட்டத்தில், சிசேரியன் ஆன உறுப்பினர்கள் எல்லோரும் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். தொலைந்திருந்தால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் நகல் கேட்கலாம்.
- பச்சை உடம்புக்காரி உறுப்பினராக இருந்தால், ஆறு வாரம் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போடாதீர்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா, முட்டை பருப்பு கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள்.
- கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கடன் கேட்டு ஒருவர் வந்தால், "ஸ்கேன் எடுத்தியாத்தா? ரெண்டாவது டாக்டர்கிட்ட காட்டினியா? அரசு ஆஸ்பத்திரியில கேட்டியா?" என்று விசாரியுங்கள். கடனை மறுக்கச் சொல்லவில்லை. அவசரம் என்றால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். அவசரம் இல்லை என்றால், முதலில் ஸ்கேனுக்கும் பஸ் செலவுக்கும் சின்னக் கடன் கொடுங்கள். பெரிய கடனும் பெரிய ஆபரேஷனும் தேவைப்படாமலே போகலாம்.
- ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடக்கும். உறுப்பினர் வீட்டுக் கர்ப்பிணிகளை அழைத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகியிருக்கிறது? எத்தனை பேரிடம் சீட்டு இருக்கிறது?
2. தீட்டு முடிந்த பிறகும் சொட்டுகிறது என்று யாராவது சொல்லாமல் இருக்கிறோமா?
3. நம் ஊரில் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் எந்த வயதில், என்ன காரணத்துக்காக எடுத்தார்கள்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது யாரையும் குறை சொல்லும் விதமாகக் கேட்க வேண்டாம். எடுத்தவர்கள் வேதனையில்தான் எடுத்திருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால், இன்று வேதனையில் இருக்கும் இன்னொரு தங்கச்சிக்கு வழி தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.